பின்னோக்கிச் செலுத்தக் கற்றல்: எல்லைக் கிராமங்களில் ட்ரெய்லர் ஓட்டுநர் பயிற்சி

நமது நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு சாலை வழியாகவே நடைபெற்று வருகிறது. சாலைகளின் நீளம், வாகனங்களின் எண்ணிக்கை, சுமந்து செல்லப்படும் சரக்கின் எடை ஆகியவை குறித்துப் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் தொகுக்கப்படுகின்றன. ஆயினும், அவ்வாகனங்களைச் செலுத்துபவர் தம் தொழிலை எங்கு, எவ்வாறு, யாருடைய செலவில் கற்றுக்கொள்கிறார் என்னும் கேள்வி திட்டமிடுவோரின் கவனத்தை அரிதாகவே பெற்றிருக்கிறது. கேரள மாநிலத்தின் தென்கோடியில், காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எல்லைக் கிராமங்களில் இக்கேள்வி இன்று புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது. இணைப்பு வண்டியாகிய ட்ரெய்லரில் கியர் மாற்றுவதும், அதனைப் பின்னோக்கிச் செலுத்துவதும் தொடக்கநிலை ஓட்டுநர் கற்க வேண்டிய இரு அடிப்படைத் திறன்களாகும். இத்திறன்களின் இயல்பையும், அவற்றைக் கற்பிக்கும் முறையையும், அதற்கு ஆகும் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வட்டாரத்தின் நிலை

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி வாணிபத்தைப் பிரிக்கவில்லை. களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று செல்லும் பழைய நெடுஞ்சாலை இரு மாநிலங்களின் சரக்கையும் சுமந்து வந்தது. அமரவிளையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்ற காலம், 2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததுடன் முடிவுற்றது.

அதன்பின் வேறு இரு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. முதலாவது, கழக்கூட்டத்திலிருந்து முக்கோலை வழியாக எல்லையோரக் காரோடு வரை அமைந்த புறவழி நெடுஞ்சாலை. இரண்டாவது, நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே அமைந்துள்ள விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம். 2024 ஜூலையில் அங்கு முதல் பெருங்கொள்கலக் கப்பல் வந்தடைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வணிகப் பணிகள் தொடங்கின. 2025 மே 2-ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இயற்கையாகவே ஏறத்தாழ 18 முதல் 20 மீட்டர் ஆழம் கொண்ட இத்துறைமுகம், முதன்மையாக ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்குக் கொள்கலங்களை மாற்றும் பணிக்காகத் திட்டமிடப்பட்டது. அவ்வாறாயினும் துறைமுக வளாகத்திற்குள் கொள்கலங்களை நகர்த்துவதற்கும், உள்நாட்டுச் சரக்கைத் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்ப்பதற்கும் ட்ரெய்லர் ஓட்டுநர் இன்றியமையாதவர் ஆவார்.

ஒரு பெரிய கொள்கலத்தின் நீளம் 40 அடி, அதாவது 12.192 மீட்டர்; அகலம் 2.438 மீட்டர். அதனைச் சுமக்கும் பின்வண்டியும், இழுத்துச் செல்லும் முன்வண்டியும் ஒரு கீலில் இணைந்து இயங்குகின்றன. 2018 ஜூலையில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கைப்படி, இத்தகைய இணைப்பு வண்டிகளின் மொத்த எடை 55 டன் வரை இருக்கலாம். சரளைக்கல் ஏற்றும் டிப்பர் லாரியையோ, ரப்பர் ஏற்றும் சிறு லாரியையோ ஓட்டிப் பழகிய ஓர் இளைஞருக்கு இது முற்றிலும் வேறான இயந்திரமாகும்.

கியர் மாற்றுதல்

டீசல் எஞ்சின் குறிப்பிட்ட ஒரு சுழற்சி எல்லைக்குள்தான் சிக்கனமாகவும் வலிமையுடனும் இயங்கும். பெரிய எஞ்சின்களில் அந்த எல்லை பொதுவாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 சுற்றுகள் வரை அமைகிறது. சுழற்சிமானியில் அது பச்சை நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். வண்டியோ நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வரை செல்ல வேண்டும். சுமை மிகுதியாக இருப்பதால் நான்கைந்து கியர்கள் இதற்குப் போதா. ஆகவே நம் நாட்டு ட்ரெய்லர்களில் 9 வேகக் கியர்ப்பெட்டி பரவலாகக் காணப்படுகிறது. சுமையுடன் புறப்படுவதற்கென மிகத் தாழ்ந்த கியர் ஒன்றும், அதன்பின் தாழ்நிலையில் நான்கும், உயர்நிலையில் நான்கும் அமைந்திருக்கும்.

தொடக்கநிலை ஓட்டுநரைக் குழப்புவது இந்த இருநிலை அமைப்பே ஆகும். கியர்க் கம்பியின் அதே நான்கு இடங்கள் இருமுறை பயன்படுகின்றன. நடுவே நிலைமாற்று விசையை இயக்க வேண்டும். நான்காவது கியரிலிருந்து ஐந்தாவது கியருக்குச் செல்லும்போது விசையை மாற்ற மறந்தால், கம்பி மீண்டும் முதல் கியரின் இடத்திற்கே போகும். இதனால் கியர்ப்பெட்டிக்கும் கிளச்சுக்கும் பெருஞ்சேதம் ஏற்படலாம். வண்டியை இயக்காமல் நிறுத்திவைத்து, கிளச்சை அழுத்தியபடி இடங்களைக் கையாலேயே அறியும்வரை பழகுவது முதல் பாடமாக இருத்தல் வேண்டும். இதற்கு எரிபொருள் செலவில்லை.

சுழற்சிகளைத் தானே இணக்கும் அமைப்பில்லாத பழைய கியர்ப்பெட்டிகளில் கிளச்சை இருமுறை அழுத்த வேண்டும். கிளச்சை அழுத்திக் கியரைப் பொதுநிலைக்குக் கொண்டுவந்து கிளச்சை விட வேண்டும். மேல் கியருக்குச் செல்வதானால் எஞ்சினின் சுழற்சி தணியும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும்; கீழ் கியருக்குச் செல்வதானால் ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்திச் சுழற்சியை உயர்த்த வேண்டும். பின்னர் மீண்டும் கிளச்சை அழுத்திக் கியரை இட வேண்டும். எஞ்சினின் ஓசையைக் கேட்டுக் காலத்தை அறிவதே இதன் உட்பொருள். புதிய வண்டிகளில் தானியங்கிக் கியர் பெருகிவருவதால் இப்பயிற்சி தேவையற்றது என்று கருதலாகாது. பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். முதல் வேலை கிடைப்பதும் பெரும்பாலும் பழைய வண்டியிலேயாகும்.

மேடும் பள்ளமுமாக அமைந்த இவ்வட்டாரச் சாலைகளுக்கு மற்றொரு விதியும் முக்கியமானது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். இறக்கத்தின் நடுவே கியர் மாற்ற முயன்று அது பொருந்தாமற் போனால், வண்டி பொதுநிலையில் உருளும். முழுச் சுமையையும் பிரேக் ஒன்றே தாங்க நேரிடும். இடைவிடாது அழுத்தப்பட்ட பிரேக் சூடேறித் தன் பிடிப்பை இழக்கும்.

பின்னோக்கிச் செல்லும் வண்டியின் இயல்பு

தென்னை ஓலையை அதன் மட்டையைப் பிடித்து இழுத்துச் செல்லும் சிறுவனுக்கு எத்தொல்லையும் இல்லை. ஓலை அவன் பின்னால் ஒழுங்காக வரும். அதே ஓலையை மட்டையைப் பிடித்துப் பின்னோக்கித் தள்ளினால், அது சிறிது தூரம் சென்றதும் ஒருபக்கமாகத் திரும்பிவிடும். ட்ரெய்லரின் இயல்பும் இதுவே. முன்னோக்கிச் செல்லும்போது சிறு கோணல்கள் தாமாகவே நேராகின்றன. பின்னோக்கிச் செல்லும்போது அவை தாமாகவே பெருகுகின்றன. எனவே, ஓட்டுநர் இடைவிடாது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது இயல்பு திசை மாறுதல். ஒற்றைச் சட்ட லாரியில் பின்னோக்கிச் செல்லும்போது ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் பின்புறம் வலப்புறமே செல்லும். ட்ரெய்லரில் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் முன்வண்டியின் பின்பகுதி வலப்புறம் நகர்ந்து, கீலின் வழியாகப் பின்வண்டியின் கடைசியை இடப்புறம் தள்ளுகிறது. பல ஆண்டு லாரி ஓட்டியவருங்கூட முதல் நாளில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொண்டு, பின்வண்டியின் கடைசி எப்பக்கம் செல்ல வேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்துவது தொடக்கநிலையினருக்கு உதவும் எளிய வழியாகும்.

மூன்றாவது இயல்பு தாமதம். ஸ்டியரிங் திரும்பிய உடனே பின்வண்டி திரும்புவதில்லை. விளைவு தெரியவில்லை என்று மேலும் திருப்புவதும், விளைவு தெரிந்தபின் பதறி மறுபுறம் அளவுக்கு மீறித் திருப்புவதும் தொடக்கநிலையினரின் வழக்கமான பிழைகள். கோணம் மிகுந்தால் வண்டி பேனாக்கத்தியைப் போல மடங்கி, முன்வண்டியின் அறை பின்வண்டியின் மூலையில் மோதும். நீளங்குறைந்த பின்வண்டி விரைந்து மடங்கும்; நீளமானது மெதுவாக மடங்கும். ஆகவே 20 அடிப் பின்வண்டி கற்பதற்கு எளிது என்று எண்ணுவது தவறு. முதற்பயிற்சிக்கு 40 அடிப் பின்வண்டியே ஏற்றது.

பயிற்சியின் படிகள்

பயிற்சியை ஐந்து படிகளாக வகுக்கலாம்.

முதற்படி, இறங்கிப் பார்த்தல். வண்டியைப் பின்னெடுக்கும் முன் ஓட்டுநர் கீழிறங்கிச் சுற்றிவர வேண்டும். தரையின் பள்ளம், கல், மேலே தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, மரக்கிளை, அருகில் விளையாடும் குழந்தைகள் ஆகிய எவையும் கண்ணாடியில் முழுமையாகத் தெரிவதில்லை.

இரண்டாம் படி, நேர்கோட்டில் பின்செல்லுதல். மிகத் தாழ்ந்த பின்கியரில், கிளச்சை முழுவதும் விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வண்டியைத் தானே ஊர விட வேண்டும். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நகர்கிறது. இதைவிட விரைந்தால் சிந்திக்க நேரமிருக்காது. கிளச்சைப் பாதி அழுத்தியபடி ஊர்வது அதன் தகட்டைத் தேய்த்துவிடும். இரு கண்ணாடிகளையும் மாறிமாறிப் பார்த்து, எந்தக் கண்ணாடியில் பின்வண்டி பெரிதாகத் தெரியத் தொடங்குகிறதோ அப்பக்கமே ஸ்டியரிங்கைச் சிறிதளவு திருப்பினால் வண்டி நேராகும்.

மூன்றாம் படி, வலப்புறம் பின்செல்லுதல். நம் நாட்டில் ஓட்டுநர் வண்டியின் வலப்புறம் அமர்கிறார். பின்வண்டியின் கடைசியை வலப்புறம் திருப்பும்போது அதனைத் தம் சன்னல் வழியாகவே காண இயலும். இடப்புறம் திருப்பும்போது பின்வண்டி அவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆகவே வலப்புறத்தில் தேர்ச்சி பெற்ற பின்னரே இடப்புறப் பயிற்சி தொடங்க வேண்டும். அமெரிக்க நூல்களிலும் படங்களிலும் ஓட்டுநர் இடப்புறம் அமர்வதால், இவ்வரிசை அங்கு மாறியிருக்கும் என்பதைப் பயிற்றுநர்கள் நினைவிற் கொள்வது நலம்.

நான்காம் படி, முன்னெடுத்துத் திருத்துதல். கோணம் கைமீறுவதாகத் தோன்றினால் உடனே நிறுத்தி, முன்னோக்கிச் சென்று நேராக்கிக்கொண்டு மீண்டும் முயல வேண்டும். இதனை இழிவாகக் கருதும் மனப்பான்மை தொழிலில் பரவலாக உள்ளது. சுற்றி நிற்பவர்களின் கேலிக்கு அஞ்சித் திருத்தாமற் செல்பவரே சுவரையும் தூணையும் இடிக்கிறார்.

ஐந்தாம் படி, கிளீனருடன் இணைந்து செயற்படுதல். பின்னால் நிற்கும் உதவியாளர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த கணமே வண்டி நிற்க வேண்டும். இவ்விதியைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே வழக்கமாக்க வேண்டும். ஏனெனில், பின்னோக்கி வரும் வண்டிக்கும் சுவருக்கும் இடையே அகப்படும் ஆபத்து முதலில் கிளீனருக்கே நேர்கிறது.

சட்டம் கோருவதும் தொழில் கோருவதும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்டுபவர் 20 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் பெறுவதற்கு முன் இலகுரக வாகன உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய விதிகளில் ஓட்டுநர் தேர்வுக்கான 15-ஆவது விதி, குறுகிய இடத்திற்குள் வலப்புறமோ இடப்புறமோ கட்டுப்பாட்டுடன் பின்னோக்கிச் செலுத்தும் திறனைச் சோதிக்கப் பணிக்கிறது. முன்பு தேவைப்பட்ட எட்டாம் வகுப்புக் கல்வித் தகுதி 2019-இல் நீக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர்களுக்கு இத்தொழில் திறந்துவிடப்பட்டதால், பயிற்சியின் பொறுப்பும் அதற்கேற்ப உயர்ந்துள்ளது.

ஆனால் சட்டத்தின் 10-ஆவது பிரிவு உரிமத்தின் வகைகளை வகுக்கும்போது, கீலுடைய இணைப்பு வண்டிக்கெனத் தனி வகையை ஏற்படுத்தவில்லை. போக்குவரத்து வாகனம் என்ற பொதுவகையே உள்ளது. ஒற்றைச் சட்ட லாரியைப் பின்னெடுத்துக் காட்டித் தேர்ச்சி பெற்றவர், அதற்கு நேர்மாறாக இயங்கும் ட்ரெய்லரைப் பின்னெடுக்கத் தெரிந்தவர் என்று கொள்ள இயலாது. சட்டத்தின் தேவைக்கும் தொழிலின் தேவைக்கும் உள்ள இடைவெளி இதுவே.

2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மைய விதிகள், கனரக வாகனப் பயிற்சிக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரம் என்று வரையறுத்துள்ளன; செயற்கை ஓட்டக் கருவியும் தனி ஓட்டத் தடமும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும். அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறையிலுள்ள தொடக்கநிலைப் பயிற்சி விதிகள் வேறொரு வழியைப் பின்பற்றுகின்றன. அங்கு குறைந்தபட்ச மணிக்கணக்கு விதிக்கப்படவில்லை. பின்செலுத்துதல் உள்ளிட்ட ஒவ்வொரு திறனிலும் தேர்ச்சி பெற்றதாகப் பயிற்றுநர் சான்றளிக்க வேண்டும். மேலும் தானியங்கிக் கியர் வண்டியில் தேர்வெழுதியவரின் உரிமத்தில், கையால் கியர் மாற்றும் வண்டியை ஓட்டலாகாது என்ற வரையறை குறிக்கப்படுகிறது. மணிக்கணக்கையும் திறன் பட்டியலையும் இணைத்துப் பயன்படுத்துவது நமக்கு ஏற்ற வழியாக இருக்கும்.

செலவை ஏற்பவர் யார்?

இன்று பெரும்பாலான ட்ரெய்லர் ஓட்டுநர்கள் கிளீனராகச் சேர்ந்து, மூத்த ஓட்டுநரின் தயவில் இரவு நேரத்திலோ சரக்கு இறங்கக் காத்திருக்கும் வேளையிலோ வண்டியைத் தொட்டுப் பழகியவர்கள். இம்முறைக்குச் செலவில்லை என்று தோன்றலாம். உண்மையில் செலவு இருக்கிறது. அது வேறொருவர் கணக்கில் எழுதப்படுகிறது. கற்பவரின் பிழைகள் சாலையிலும், கிடங்கின் வாயிலிலும், பிறர் வீட்டு மதிலிலும் நிகழ்கின்றன. குறுகிய சாலையில் ஒரு ட்ரெய்லர் குறுக்கே நின்று தடுமாறும் கால் மணி நேரத்தில், இருபுறமும் காத்திருக்கும் பேருந்துப் பயணிகளின் நேரமும் அச்செலவில் அடங்கும்.

வண்டி உரிமையாளர்கள் ஏன் முறையான பயிற்சி அளிப்பதில்லை? பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட மானிட மூலதனம் பற்றிய நூலில் இதற்கு விளக்கம் தந்துள்ளார். எல்லா நிறுவனங்களிலும் ஒரேபோலப் பயன்படும் பொதுத்திறனை ஒரு நிறுவனம் தன் செலவில் கற்பித்தால், கற்றவர் வேறிடம் செல்லும்போது அப்பயன் வேறு நிறுவனத்தையே சேரும். ஆகவே அச்செலவைத் தொழிலாளியே ஏற்க நேரிடும். ட்ரெய்லர் ஓட்டும் திறன் இத்தகைய பொதுத்திறனே. ஒன்றிரண்டு வண்டிகளை மட்டுமே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் நிறைந்த இத்தொழிலில், அவர்கள் பயிற்சியில் முதலீடு செய்வார்கள் என்று எதிர்பார்க்க இயலாது. கடனின்றிக் கட்டணம் செலுத்த இயலாத இளைஞரும் முதலீடு செய்ய மாட்டார். இரு தரப்பும் பின்வாங்கும் இடத்தில் பொதுமுதலீடு நியாயமாகிறது.

இவ்வட்டாரத்தில் முதன்மைத் தடை நிலமே. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி கேரளத்தில் சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் வாழ்ந்தனர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் இது 1,500-க்கும் அதிகம். ட்ரெய்லரைத் திருப்பிப் பின்னெடுத்துப் பழக 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் வேண்டும் என்று கொண்டால், அது 2,400 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 சென்ட் ஆகும். ரப்பரும் தென்னையும் வீடுகளும் நெருங்கிய நிலத்தில், கட்டண வருவாயை மட்டும் நம்பி எந்தத் தனியார் ஓட்டுநர் பள்ளியும் 60 சென்ட் நிலத்தை வெறுமையாக வைத்திருக்க இயலாது.

செய்யத் தக்கவை

முதலாவதாக, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை வட்டங்களுக்குப் பொதுவாகப் பயிற்சித் திடல் ஒன்று அமைக்கப்பட வேண்டும். நெடுஞ்சாலை, துறைமுகப் பணிகளுக்காகக் கையகப்படுத்தப்பட்ட நிலங்களில் எஞ்சியவற்றை இதற்காகப் பரிசீலிக்கலாம். பழைய முன்வண்டி ஒன்றும், வெற்றுப் பின்வண்டி ஒன்றும், சில கூம்புகளும் தொடக்கத்திற்குப் போதும். ஒரு முறை பின்னெடுக்க 6 நிமிடம் ஆகும் என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் 10 முயற்சிகள் இயலும். சாலையில் ஒரு மாதத்திலும் கிட்டாத வாய்ப்பு அது.

இரண்டாவதாக, தமிழ்நாட்டின் கும்மிடிப்பூண்டி, நாமக்கல் ஆகிய இடங்களிலும் கேரளத்தின் எடப்பாளிலும் இயங்கும் ஓட்டுநர் பயிற்சி நிலையங்களின் அனுபவத்தைப் பெற்று, பாடத்திட்டம் வகுக்கப்பட வேண்டும். இரு மொழிகளும் புழங்கும் எல்லைக் கிராமங்களில் பாடநூல்கள் தமிழிலும் மலையாளத்திலும் இருத்தல் அவசியம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் திறன் அட்டை ஒன்று வழங்கி, நேர்கோட்டுப் பின்செலவு, வலப்புறம், இடப்புறம், கியர் இறக்கம் என்று தேர்ச்சியைத் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். பல ஆண்டுகள் கிளீனராக உழைத்தவர்கள் தம் அனுபவத்தை நேரடித் தேர்வின் மூலம் மெய்ப்பித்து, அதே அட்டையைப் பெற வழி செய்ய வேண்டும்.

நான்காவதாக, இணைப்பு வண்டிக்குத் தனித் தேர்வு அல்லது தனி மேலொப்பம் ஏற்படுத்துவது பற்றி ஆராய வேண்டும்.

ஐந்தாவதாக, பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். நாட்கூலியை நம்பி வாழும் இளைஞர் ஆறு வாரம் வருவாயின்றி இருக்க இயலாது. துறைமுகத்தையும் நெடுஞ்சாலையையும் பயன்படுத்தும் போக்குவரத்து நிறுவனங்களிடமிருந்து சிறு பங்களிப்பைப் பெற்றால், பயன் பெறுவோரே செலவிலும் பங்கு கொண்டவராவர்.

விழிஞ்ஞம் துறைமுகத்தில் தானியங்கிப் பாரந்தூக்கிகளை இயக்கும் பணியில் உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று ஈடுபட்டிருப்பது, தக்க வாய்ப்பளித்தால் கடற்கரைக் கிராமத்தவரும் நவீன இயந்திரங்களைத் திறம்பட இயக்குவர் என்பதற்குச் சான்றாகும். சாலை வண்டிகளுக்கும் இது பொருந்தும். துறைமுகத்திற்கும் சாலைக்கும் நிலம் தந்த கிராமங்களின் இளைஞர்கள், அவற்றால் விளையும் வேலைகளில் கிளீனர்களாகவே தங்கிவிடாமல் தேர்ந்த ஓட்டுநர்களாக உயர்வதற்கு, 60 சென்ட் சமதளமும் ஆறு வாரப் பயிற்சியும் மிகையான கோரிக்கை ஆகா. வட்டார வளர்ச்சித் திட்டங்களை வகுக்கும் அலுவலர்கள் இதனைத் தம் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நன்று.